நிழல் அளந்த நெடுங்கல்

காலம் கண்ணுக்குத் தெரியாத பொருள். கையால் பற்ற இயலாது; காதால் கேட்க இயலாது. ஆயினும் உழவனுக்கு விதைக்கும் பொழுதும், பரதவனுக்குக் கடலேறும் பொழுதும், இறையடியானுக்குத் தொழும் பொழுதும் தெரிந்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அப்பொருளைக் கண்ணெதிரே நிறுத்திக் காட்டிய முதற்கருவி நிழல். மண்ணில் ஒரு கோலை நட்டு, அதன் நிழல் குறுகுவதையும் நீளுவதையும் மனிதன் கூர்ந்து நோக்கிய நாளில் வானியல் என்னும் அறிவுத்துறை கண்விழித்தது எனலாம். கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்ட பின்னர் நாம் நிழலை மறந்தோம். கைப்பேசி வந்த பின்னர் கடிகாரத்தையும் மறந்து வருகிறோம்.

மறந்துபோன அந்நிழலை மீண்டும் நினைவூட்டியது நம் துறையின் கல்விச் சுற்றுலா. பொங்கல் விடுமுறையை ஒட்டி, மூன்றாமாண்டு இளங்கலை மாணவர்களுடன் தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் ஆகிய நகரங்களுக்குச் சென்று வந்தோம். தாஜ்மகாலின் வெண்மையையும் குதுப்மினாரின் உயரத்தையும் பற்றி எழுதுவோர் பலர். ஆதலின் அவற்றை விடுத்து, ஜெய்ப்பூரில் வெட்டவெளியில் நிற்கும் வானியல் ஆய்வுக்கூடமாகிய ஜந்தர் மந்தரில் கண்டவற்றையும், அவை என் நெஞ்சில் எழுப்பிய எண்ணங்களையும் மட்டும் இங்கே எழுத விழைகிறேன்.

கூரையில்லாக் கூடம்

கூடம் என்ற சொல்லைக் கேட்டதும் சுவரும் கூரையும் நம் மனக்கண்ணில் எழும். இங்கோ கூரை இல்லை. வானத்தைக் காண எழுப்பிய இடத்தில் வானத்தை மறைக்கும் கூரை எதற்கு? அரண்மனையை அடுத்த அகன்ற வெளியில், கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் ஆன ஏறத்தாழ இருபது பெருங்கருவிகள் நிற்கின்றன. சில வட்டமானவை, சில வில்லாக வளைந்தவை, சில வானத்தை நோக்கி ஏறிப் பாதியில் நின்றுவிட்ட படிக்கட்டுகளைப் போன்றவை. "ஐயா, இவை கருவிகளா, கட்டடங்களா?" என்று ஒரு மாணவி கேட்டாள். இரண்டும்தான் என்றேன். கட்டடமாக எழுப்பப்பட்ட கருவிகள் அவை.

ஆம்பேரின் அரசராகிய இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1688இல் பிறந்து 1743இல் மறைந்தவர். 1727இல் ஜெய்ப்பூர் நகரை நிறுவியவரும் அவரே. தில்லியில் 1724 அளவில் முதல் ஆய்வுக்கூடத்தை எழுப்பினார். பின்னர் ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, வாரணாசி, மதுரா ஆகிய நகரங்களிலும் எழுப்பினார். மதுராவில் இருந்தது அழிந்துபட்டது. எஞ்சிய நான்கனுள் ஜெய்ப்பூரில் உள்ளதே பெரியது. 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

அங்குள்ள கருவிகளுள் தலையாயது சாம்ராட் யந்திரம். 27 மீட்டர் உயரமுள்ள முக்கோணச் சுவர் ஒன்று தென்வடலாக நிற்கிறது. அதன் சாய்ந்த விளிம்பு தரையோடு ஏறத்தாழ 27 பாகைக் கோணம் அமைத்து வடமீனை நோக்கி ஏறுகிறது. ஜெய்ப்பூரின் அகலாங்கும் அதே 27 பாகை. ஆதலால் அவ்விளிம்பு நிலவுலகின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. சுவரின் இருபுறமும் கிழக்கிலும் மேற்கிலும் சிறகு விரித்தாற்போல இரு கல் வளைவுகள் உள்ளன. காலையில் சுவரின் நிழல் மேற்கு வளைவின் மேல் விழுந்து படிப்படியாக இறங்கும். நண்பகலில் சுவரடியை எட்டி மறையும். பிற்பகலில் கிழக்கு வளைவில் தோன்றி மேலேறும். வளைவின் விளிம்பில் நாழிகையும் அதன் நுண்பிரிவுகளும் கோடுகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. மிகச் சிறிய பிரிவு இரண்டு நொடி.

மாணவர்கள் வளைவின் அருகே நின்று நிழலை நோக்கினர். அது கண்ணெதிரே நகர்ந்தது! நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி. ஞாயிறு நகர்வதை எவரும் கண்ணால் கண்டதில்லை; எழுந்ததைக் கண்டிருப்போம், விழுந்ததைக் கண்டிருப்போம். நகர்ச்சியையே கண்ணால் காண்பது வேறு அனுபவம். நாம் நின்றிருக்கும் நிலமன்றோ சுழல்கிறது என்ற உணர்வு உள்ளங்காலில் ஏறியது.

ஜெயப்பிரகாச யந்திரம் என்பது தரைக்குள் பதித்த இரு பெருங்கிண்ணங்கள். தலைகீழாகக் கவிழ்த்த வானத்தையே அக்கிண்ணத்தில் வரைந்துள்ளனர். மேலே குறுக்காகக் கட்டிய கம்பிகள் சந்திக்கும் இடத்தின் நிழல் எங்கு விழுகிறதோ அங்கேதான் அப்போது ஞாயிறு இருக்கிறது என்பது பொருள். கிண்ணத்தின் பரப்பைப் பட்டைகளாக வெட்டி, இடையே ஆள் இறங்கிச் செல்ல வழிவிட்டுள்ளனர். ஒரு கிண்ணத்தில் வழியாக உள்ள பகுதி மற்றதில் பளிங்குப் பட்டையாக இருக்கும். இரண்டையும் சேர்த்தால்தான் வானம் முழுமையாகும்.

நாடிவலயம் என்னும் கருவிக்கு வடக்கு நோக்கிய முகம் ஒன்று, தெற்கு நோக்கிய முகம் ஒன்று. ஞாயிறு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் ஆறு திங்களும் வடமுகத்தில் வெயில் படும். மற்ற ஆறு திங்களும் தென்முகத்தில் படும். நாங்கள் சென்றது தைத் திங்களாதலின் தென்முகம் ஒளிர்ந்தது. வடமுகம் நிழலில் கிடந்தது. நாடி என்பதும் நம் நாழிகை என்பதும் ஒன்றே. 24 நிமிடம் கொண்ட கால அளவு அது. ஊரும் மொழியும் வேறாயினும் ஒரு நாளை அறுபது கூறாக்கும் கணக்கு ஒன்றாக இருப்பதைக் கண்டு தமிழ் மாணவர்கள் மகிழ்ந்தனர்.

யாருடைய அறிவு?

நாங்கள் நின்றிருந்த இடத்துக்கு அருகில் வடநாட்டுப் பயணியர் இருவர் ஆங்கிலத்தில் வாதிட்டுக்கொண்டிருந்தனர். நெருங்கிய நண்பர்கள் என்பது அவர்கள் பேச்சிலிருந்தே புலப்பட்டது. ஒருவர், இவையனைத்தும் வேதகாலத்திலிருந்தே நம்மிடம் இருந்தவை, அயலாரிடமிருந்து நாம் பெற்றது ஒன்றுமில்லை என்றார். மற்றவர், இவையனைத்தும் சமர்கந்தைப் பார்த்துக் கட்டியவை, நம்முடையது ஒன்றுமில்லை என்றார். வாதம் முற்றியபோது முதியவர் என் பக்கம் திரும்பினார். என் தலையில் இருந்த தொப்பியை நோக்கிச் சற்றுத் தயங்கிப் பின், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று பண்புடன் கேட்டார்.

அவ்வினாவில் பகை இல்லை. ஆயினும் அதன் எடை எனக்குத் தெரிந்தது. நான் ஒரு கட்சியின் சாட்சியாக அழைக்கப்பட்டேன். என் தொப்பி ஒரு விடையை முன்கூட்டியே சொல்லிவிட்டதாக அவர் கருதியிருக்கலாம். இன்று நம் நாட்டில் கல்லைக் கண்டாலும் கோட்டையைக் கண்டாலும் முதலில் எழும் வினா, இது யாருடையது என்பதாகவே ஆகிவிட்டது. எவ்வாறு கட்டினர், எதற்காகக் கட்டினர் என்னும் வினாக்கள் பின்னே தள்ளப்படுகின்றன.

விடை கூறத் தொடங்குமுன் என் மாணவர் ஒருவர் குறுக்கிட்டார். அவர் ஒரகடத்திலிருந்து வருபவர். தந்தையார் உழுத நிலம் இருந்த பகுதியில் இன்று தொழிற்கூடங்கள் நிற்கின்றன. விடுமுறை நாள்களில் அவர் உந்துகளின் உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் அளவு பார்க்கும் பிரிவில் வேலை செய்து, அவ்வூதியத்தில் படிப்பவர். நிழலின் விளிம்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஐயா, எங்கள் தொழிற்கூடத்தில் எல்லா அளவுகோல்களையும் குறித்த நாளில் காலிபிரேஷனுக்கு அனுப்புவார்கள். அளவுகோலையே இன்னொரு அளவுகோலால் சரிபார்ப்பார்கள். இவ்வளவு பெரிய கருவியை யார், எதைக் கொண்டு சரிபார்த்தார்கள்?" என்று கேட்டார்.

இருபதாண்டுக்கும் மேலாக வகுப்பறையில் நிற்கும் எனக்கு, ஒரு மாணவர் கேட்ட வினாக்களுள் இதனினும் சிறந்தது நினைவில்லை. முதியவர் கேட்ட வினாவுக்கும் இதுவே விடையாயிற்று.

அளவுகோலை அளந்தவர்கள்

ஜெய்சிங் தம் ஆய்வின் பயனைப் பாரசீக மொழியில் ஓர் அட்டவணை நூலாக வெளியிட்டார். முகலாயப் பேரரசர் முகம்மது ஷாவின் பெயரால் அது சீஜ்-இ-முகம்மது ஷாஹி என வழங்குகிறது. அதன் முன்னுரையில் கல்லால் கட்டியதற்குக் காரணம் கூறுகிறார். முதலில் பித்தளைக் கருவிகளைச் செய்து பார்த்திருக்கிறார். அவை சிறியவை, நுண்பிரிவுகளைக் குறிக்க இடமில்லை, அச்சுகள் தேய்ந்தன, மையம் அசைந்தது. ஆகவே அசையாத, தேயாத, பெரிய கருவிகளைக் கல்லிலும் சுண்ணத்திலும் எழுப்பினார். அத்தோடு நிற்கவில்லை. தில்லியில் கண்ட அளவு மெய்யா என்று சோதிப்பதற்காகவே மற்ற நகரங்களிலும் ஆய்வுக்கூடங்களை எழுப்பினார். ஓரிடத்தில் கண்டதை மற்றோரிடத்தில் வேறு கண்கள் கண்டு உறுதி செய்ய வேண்டும். மாணவர் கேட்ட வினாவுக்கு மன்னர் ஐந்து நகரங்களால் விடை கூறியிருக்கிறார்!

காலத்தாலும் அவர் தம்மைச் சரிபார்த்துக்கொண்டார். தைமூரின் பெயரரான உலுக் பேக், சமர்கந்தில் 1420களில் மாபெரும் ஆய்வுக்கூடம் ஒன்றை எழுப்பி, ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் நிலையை அளந்து 1437இல் அட்டவணை வெளியிட்டவர். ஜெய்சிங் அதனை அடிப்படையாகக் கொண்டு தம் காலத்து வானத்தோடு ஒப்பிட்டார். சாம்ராட் யந்திரத்தின் வளைவைத் தாங்கும் கட்டடத்துக்குள் இருண்ட அறை ஒன்று உண்டு. அதற்கு ஷஷ்டாம்ச யந்திரம் என்று பெயர். நண்பகலில் மேலே உள்ள சிறு துளை வழியே ஞாயிற்றின் உருவம் கீழுள்ள வளைவில் விழும். இவ்வகைக் கருவியை 994இல் ரைய் நகரில் அல்-குஜந்தி அமைத்தார். சமர்கந்தில் உலுக் பேக் பேருருவில் அமைத்தார். ஜெய்ப்பூரில் அது வடமொழிப் பெயர் பூண்டு நிற்கிறது.

அவருடைய அவையில் இருந்த ஜகந்நாதர் என்னும் பண்டிதர், கிரேக்க அறிஞர் தாலமியின் பெருநூலை அரபு வடிவத்திலிருந்து வடமொழிக்குப் பெயர்த்தார். யூக்ளிட்டின் வடிவகணிதமும் அவ்வாறே அரபு வழியாக வடமொழிக்கு வந்தது. கிரேக்கத்தில் தோன்றிய நூல், பகுதாதிலும் மராகாவிலும் வளர்ந்து, ஜெய்ப்பூர் அவையில் வடமொழி பேசிற்று. 1720களின் இறுதியில் கிறித்தவத் துறவி ஒருவர் தலைமையில் போர்த்துகல்லுக்குத் தூதுக்குழு ஒன்றையும் அரசர் அனுப்பினார். அக்குழு கொண்டுவந்த பிரெஞ்சு அறிஞர் தெ லா இரின் அட்டவணையைத் தம் கருவிகளால் சோதித்தார். திங்களின் இடத்தில் அரைப் பாகை பிழை இருப்பதைக் கண்டு எழுதினார். முன்னோர் நூலாயினும், ஐரோப்பியர் நூலாயினும், சோதிக்காமல் ஏற்பதில்லை என்பது அவர் கொள்கை.

அவர் செயலில் குறை காண்போரும் உளர். தொலைநோக்கி ஐரோப்பாவில் பரவி நூறாண்டு கடந்த பின்னரும் வெறுங்கண்ணையே நம்பினார் என்பர். அது உண்மையே. நியூட்டனின் பெருநூல் 1687இலேயே வெளிவந்துவிட்டது. வானியல் வேறு பாதையில் விரைந்துகொண்டிருந்தது. மேலும், ஞாயிறு ஒரு புள்ளியன்று, அரைப் பாகை அகலமுள்ள வட்டம். ஆதலின் அவ்வளவு பெரிய சுவரின் நிழல் விளிம்பு கூர்மையாக விழாமல் ஒரு கையகலத்துக்கு மங்கிப் படர்கிறது. மெல்லிய கோல் ஒன்றைப் பிடித்து அம்மங்கலில் நடுவிடத்தைத் தேடினால்தான் நொடிக்கணக்கை நெருங்கலாம். கருவி பெரிதானால் மட்டும் போதாது என்பதையும் அக்கல் கற்பிக்கிறது.

இவற்றையெல்லாம் மாணவர்க்குத் தமிழிலும், அருகில் நின்ற இருவர்க்கு ஆங்கிலத்திலும் கூறினேன். பின்னர் முதியவரை நோக்கி, "ஐயா, இது யாருடையது என்று கேட்டீர்கள். சரிபார்த்தவர்களுடையது என்பதே நான் அறிந்த விடை" என்றேன். அவர் சற்று நேரம் கல்லையே நோக்கிவிட்டு, என் மாணவரின் தோளைத் தட்டிக்கொடுத்துச் சென்றார்.

உச்சிப்பொழுது

நண்பகல் நெருங்கியது. என் கைக்கடிகாரம் பன்னிரண்டைக் காட்டியபோது நிழல் இன்னும் மேற்கு வளைவிலேயே இருந்தது. 12 மணி 38 நிமிட அளவில்தான் அது சுவரடியை எட்டிற்று. கருவியில் பிழையில்லை. இந்தியத் திட்ட நேரம் 82½ பாகை நெட்டாங்கைக் கொண்டு கணிக்கப்படுவது. ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே ஏறத்தாழ 6.7 பாகையில் உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் 27 நிமிடத் தாழ்வு. எஞ்சிய 11 நிமிடம், நிலவுலகின் நீள்வட்டப் பாதையாலும் அச்சின் சாய்வாலும் தைத் திங்களில் ஏற்படுவது. கடிகாரம் நாட்டுக்குப் பொதுவான நேரத்தைக் கூறுகிறது. நிழல் அந்த ஊரின் நேரத்தைக் கூறுகிறது.

நிழல் மேற்கு வளைவை விட்டு நீங்கி, கிழக்கு வளைவில் நூலிழையாகத் தலைகாட்டியது. முஸ்லிம் மாணவர்களுக்கு அதன் பொருளைச் சுட்டிக் காட்டினேன். உச்சியில் நின்ற ஞாயிறு மேற்கே சாய்ந்துவிட்டது. லுஹர் தொழுகையின் நேரம் தொடங்கிவிட்டது. பள்ளிவாசல் சுவரில் தொங்கும் அச்சிட்ட அட்டவணையில் எண்ணாக மட்டும் கண்டதை, அன்று கல்லின் மேல் நிகழ்ச்சியாகக் கண்டோம். திங்களும் ஞாயிறும் கணக்கின்படி இயங்குவதைத் திருக்குர்ஆன் சிந்திப்போர்க்குச் சான்றாக முன்வைக்கிறது. தொழுகைக் காலமும் கிப்லாத் திசையும் அறிய வேண்டிய தேவையே இஸ்லாமிய உலகில் வானியலைப் பள்ளிவாசலின் முற்றத்துக்கு அழைத்து வந்தது. திமிஷ்கு நகரின் உமையாப் பள்ளிவாசலில் காலக்கணிப்பாளராக இருந்த இப்னு ஷாதிர், 1371 அளவில் அங்கு ஒரு நிழற்கடிகாரம் அமைத்தார். அதன் கோலும் நிலவுலகின் அச்சுக்கு இணையானதே. சாம்ராட் யந்திரத்தின் அடிப்படையும் அதுவே.

என் பாட்டனார் எழுத்தறிவு மிகுந்தவரல்லர். ஆனால் அஸர் தொழுகையின் நேரத்தை ஒரு முழக்கோலால் அறிவார். உச்சியில் இருந்த நிழலின் நீளத்தை முதலில் குறித்துக்கொள்வார். பிற்பகலில் அதற்கு மேல் ஒரு கோல் நீளம் நிழல் வளர்ந்தால் ஷாஃபி மத்ஹபினருக்கு அஸர். இரு கோல் நீளம் வளர்ந்தால் ஹனஃபி மத்ஹபினருக்கு. உச்சி நிழலை ஏன் தனியே கழிக்க வேண்டும்? ஜெய்ப்பூரில் தரையில் ஒரு குச்சியை நிறுத்தியபோது அக்காரணம் வெட்டவெளிச்சமாயிற்று. தைத் திங்களில் அங்கு உச்சிப்பொழுதிலேயே நிழல் குச்சியைவிட நீளமாக இருந்தது! உச்சி நிழலைக் கழிக்காவிட்டால் அங்கு அஸர் நண்பகலிலேயே வந்துவிடும். தென்னாட்டுச் சிற்றூரில் கோல் ஊன்றிய கிழவருக்கும், வடநாட்டு மக்களுக்கும், இன்னும் வடக்கே வாழ்வோருக்கும் ஒன்றுபோலப் பொருந்துமாறு அவ்விதி அமைந்திருக்கிறது.

நக்கீரர் காட்டும் கோல்

தமிழ்த்துறையினராகிய நமக்கு இதில் உறவு உண்டா என்று ஐயுறுவோர் நெடுநல்வாடையைப் புரட்டுவாராக. பாண்டியன் அரண்மனைக்கு மனை வகுக்கும் காட்சியை நக்கீரர் அங்கே தீட்டியிருக்கிறார். ஞாயிறு எந்தப் பக்கமும் சாயாத நண்பகலில், நட்ட இரு கோல்களின் நிழலைக் கொண்டு நேர்த்திசையைக் குறித்து, நூல் வல்லார் நுண்மையாகக் கயிறு பிடித்துத் திசை கண்டபின் கட்டடம் எழுகிறது. நச்சினார்க்கினியர் தம் உரையில் மேலும் ஒரு படி சென்று, சித்திரைத் திங்களின் நடுப்பத்து நாள்களையும் பதினைந்தாம் நாழிகையையும் சுட்டுகிறார். பதினைந்தாம் நாழிகை என்பது ஞாயிறு தோன்றியதிலிருந்து ஆறு மணி நேரம், அஃதாவது நண்பகல். சித்திரை ஏன்? அத்திங்களில்தான் தமிழகத்தில் ஞாயிறு நேர் தலைக்கு மேல் வருகிறது. நட்ட கோலுக்கு நிழலே இல்லாது போகும் நாள் அது.

ஜெய்ப்பூரில் அந்நாள் என்றுமே வருவதில்லை. கடக வரைக்கு வடக்கே உள்ள அந்நகரில் ஆண்டு முழுதும் உச்சி நிழல் வடக்கேதான் விழும். நம் மண்ணிலோ ஞாயிறு ஆண்டுக்கு இருமுறை தலைக்கு நேர் மேலே கடக்கும். இடைப்பட்ட காலத்தில் உச்சி நிழல் தெற்கே விழும். உரையாசிரியர் கூறும் சித்திரை, நூலோர் கண்ணால் கண்ட வானத்திலிருந்து பிறந்த குறிப்பு என்பது ஜெய்ப்பூர்க் கல்லின் அருகே நின்றபோது தெளிவாயிற்று. முல்லைப்பாட்டில் நீர்க்கடிகாரம் கொண்டு பொழுதளந்து அரசனுக்கு உரைப்போர் வருகின்றனர். புறநானூற்றின் முப்பதாம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் இயக்கத்தை நேரில் சென்று அளந்தவரைப் போலக் கூறுவோர் உண்டு என்கிறார். கோலும் நிழலும் நமக்கு இரவல் பொருள்கள் அல்ல.

நுங்கம்பாக்கத்துக் கற்றூண்

சுற்றுலா முடிந்து திரும்பிய சில வாரங்களில், இசைவு பெற்று, அதே மாணவர்களைச் சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்துக்கு அழைத்துச் சென்றேன். வில்லியம் பெற்றி என்பார் 1786இல் தம் சொந்தச் செலவில் தொடங்கிய ஆய்வுக்கூடத்தைக் கிழக்கிந்தியக் கும்பினி ஏற்று, 1792இல் அங்கே கட்டடம் எழுப்பியது. மைக்கேல் டாப்பிங் அதனை வகுத்தவர். கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண், ஏறத்தாழ 15 அடி உயரமும் 10 டன் எடையும் உள்ளது. கட்டடம் போயிற்று; தூண் மட்டும் வானத்தின் கீழ் நிற்கிறது. தமிழும் தெலுங்கும் பாரசீக எழுத்தும் அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ளன.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும், ஆங்கிலேயரின் கொடையால் கணித அறிவியல் ஆசியாவில் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை அறிய வேண்டும் என்பது அத்தூணை நிறுவியோரின் நோக்கமாகக் கூறப்பட்டது. அவர்கள் அவ்வாறு எண்ணிய நாளில் ஜெய்ப்பூர்க் கருவிகளுக்கு அறுபது வயதுக்கு மேல். சமர்கந்து அட்டவணைக்கு முந்நூற்றைம்பது வயதுக்கு மேல். நக்கீரரின் கோலுக்கு வயது கூற வேண்டுவதில்லை. ஜெய்ப்பூரில் இரு நண்பர்கள் நிகழ்த்திய வாதத்தின் மூன்றாம் கட்சி இது. எல்லாம் எம்முடையது என்பாரும், எல்லாம் அயலாருடையது என்பாரும், யாமே தொடங்கினோம் என்பாரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். தமக்கு முன் அளந்தவரை அவர்கள் மறைக்கின்றனர்.

ஆயினும் அத்தூணின் பணியைக் குறைத்து மதிப்பிடல் அறமாகாது. வில்லியம் லாம்டன் 1802இல் தொடங்கிய நாட்டளவைப் பெரும்பணி அவ்விடத்தின் நிலையைச் சார்ந்து வளர்ந்தது. 1906இல் இந்தியத் திட்ட நேரம் வருமுன் புகைவண்டிகள் சென்னை நேரத்தைப் பின்பற்றின. அவ்வாய்வுக்கூடத்தில் உதவியாளராகப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874இல் வெள்ளிக்கோள் ஞாயிற்றைக் கடந்த நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்க அவர் எழுதிய நூல், கன்னடம், உருது முதலான நம் நாட்டு மொழிகளிலும் வெளிவந்தது. தாம் கண்டதைப் பிறரும் கண்டு தெளிய வேண்டும் என்று விரும்பிய அப்பெருமகனாரும் ஜெய்சிங்கின் வழியினரே.

ஒரகடத்தில் ஒரு கோல்

நம் மாணவருள் பலர் ஒரகடம், படப்பை, திருப்பெரும்புதூர், வாலாசாபாத் பகுதிகளிலிருந்து வருபவர்கள். ஏரிப் பாசனமும் நெல்வயலும் இருந்த அந்நிலம் இருபதாண்டுகளுக்குள் உந்துத் தொழிலின் பேரூராக மாறிவிட்டது. இரவும் பகலும் மூன்று முறைப்பணி நடக்கிறது. விளக்கொளியில் விண்மீன்கள் மங்கிவிட்டன. சங்கொலி கேட்டு வேலைக்குச் செல்வோருக்கு ஞாயிறு எங்கே எழுந்தது, எங்கே விழுந்தது என்று நோக்க நேரமில்லை. ஆனால் அதே தொழிற்கூடங்களில்தான் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைப் பார்க்கும் கண்கள் பயிற்சி பெறுகின்றன. அளவைச் சரிபாராமல் ஒரு பொருளையும் வெளியே விடுவதில்லை என்னும் ஒழுக்கம் அங்கே அன்றாட வழக்கம். அவ்வொழுக்கத்தை ஆலைக்குள் விட்டுவிட்டு வருவானேன்? வரலாறு பற்றிக் கைப்பேசியில் வந்து விழும் செய்திகளுக்கும், மேடையில் கேட்கும் பெருமைப் பேச்சுகளுக்கும், ஏன், நாம் வகுப்பில் கூறும் கருத்துகளுக்கும் அதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாமே!

ஜெய்ப்பூரின் சாம்ராட் யந்திரத்தை ஒரகடத்தில் கட்டினால் அதன் சாய்வு 27 பாகையாக இராது. 13 பாகைக்குச் சற்றுக் குறைவாக, பாதியாகத் தாழ்ந்துவிடும். ஒவ்வோர் ஊரும் தன் வானத்துக்கேற்ற கல்லைக் கேட்கிறது. ஆனால் அத்துணை பெரிய கல் நமக்கு வேண்டியதில்லை. ஒரு நேரான கோலும், சமமான தரையும், ஒரு கயிறும் போதும். ஏப்ரல் 24 அளவில், அஃதாவது சித்திரைத் திங்கள் பதினொன்றாம் நாள் அளவில், ஒரகடப் பகுதியில் நண்பகல் 12 மணி 8 நிமிட அளவில் நட்ட கோலின் நிழல் மறையும். நச்சினார்க்கினியர் கூறிய நடுப்பத்தின் தொடக்க நாள் அது. ஆகஸ்டு 18 அளவில் மீண்டும் ஒருமுறை அவ்வாறு நிகழும்.

மாணவச் செல்வங்களே! வரும் சித்திரையில் உங்கள் ஊரில் ஒரு கோலை நடுங்கள். ஒரகடத்தில் ஒருவர், திருப்பெரும்புதூரில் ஒருவர், வாலாசாபாத்தில் ஒருவர் என நின்று, நிழல் மறையும் நேரத்தைத் தனித்தனியே குறியுங்கள். குறித்தவற்றைத் துறைக்குக் கொண்டு வாருங்கள், ஒன்றோடொன்று ஒப்பிடுவோம். நான் இங்கு எழுதியிருக்கும் நாளும் நிமிடமும் சரியா என்பதையும் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். இந்து மாணவர் குறித்ததை முஸ்லிம் மாணவரும், முஸ்லிம் மாணவர் குறித்ததைக் கிறித்தவ மாணவரும் சரிபார்ப்பதில் எவருக்கும் சிறுமை இல்லை. நிழலுக்குச் சமயம் இல்லை. சரிபார்க்கும் கண்ணுக்கும் இருக்க வேண்டியதில்லை. அந்த நண்பகலில் உங்கள் கோலின் நிழல் கோலுக்குள்ளேயே ஒடுங்கும்போது, நக்கீரரும் உலுக் பேக்கும் ஜெய்சிங்கும் ரகுநாதாச்சாரியாரும் கண்ட அதே ஞாயிறு உங்கள் தலைக்கு நேர் மேலே நின்றுகொண்டிருக்கும்.